வீட்டுக் கணினிக்குத் தனி உளவுத்தடுப்பு மென்பொருள் தேவையா? ஒரு வரலாற்றுப் பார்வை

கணினிக்குள் இருந்துகொண்டு, அதன் உரிமையாளர் எந்தத் தளங்களுக்குப் போகிறார், எதைத் தேடுகிறார், என்ன தட்டச்சு செய்கிறார் என்பதை அவருக்குத் தெரியாமலோ, தெரிந்தும் விளங்காமலோ வேறொருவருக்கு அனுப்பும் நிரலை உளவு மென்பொருள் என்கிறோம். பேச்சு வழக்கில் ஸ்பைவேர். அதைக் கண்டுபிடித்து நீக்குவதற்கென்றே எழுதப்பட்டவை உளவுத்தடுப்பு மென்பொருள்கள். 2000க்கும் 2006க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் விண்டோஸ் கணினி வைத்திருந்தவர்கள் ஆண்டிவைரஸ் ஒன்றை நிறுவியதோடு நிற்காமல், ஆட்-அவேர், ஸ்பைபாட் போன்ற கருவிகளில் ஒன்றையோ இரண்டையோ தனியாகவும் நிறுவிக்கொண்டார்கள். கணினி தெரிந்த நண்பர்களும் கணினி இதழ்களும் சொன்ன அறிவுரை அதுதான்.

அந்த அறிவுரை அன்று சரியானது. இன்று பெரும்பாலான வீடுகளுக்கு அது பொருந்தாது. சில வேளைகளில் அதுவே ஆபத்தாகவும் முடிகிறது. இடையில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான், புது மடிக்கணினி வாங்கும்போது ‘பாதுகாப்புக்கு இதையும் சேர்த்து வாங்குங்கள்’ என்று கடைக்காரர் நீட்டும் பெட்டியை வாங்குவதா வேண்டாமா என்று நாமே முடிவு செய்ய முடியும்.

சொல் பிறந்த கதை

ஸ்பைவேர் என்ற சொல் 1995 அக்டோபரில் யூஸ்நெட் எனும் பழைய விவாதக் குழு ஒன்றில், மைக்ரோசாஃப்ட்டின் வணிக முறையைக் கிண்டல் செய்து எழுதப்பட்ட ஒரு பதிவில்தான் முதன்முதலாகக் காணப்படுகிறது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோன் அலாரம் என்ற தீயரண் மென்பொருளை வெளியிட்ட ஜோன் லேப்ஸ் நிறுவனம் தன் செய்திக்குறிப்பில் அதைப் பயன்படுத்திய பிறகே இன்றைய பொருள் நிலைத்தது.

இலவசத்தின் விலை

அதே 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நிரலாளர் ஸ்டீவ் கிப்சன் தம் கணினியில் தாம் நிறுவாத ஒரு நிரல் இருப்பதைக் கண்டார். ஆரியேட் என்ற விளம்பர நிறுவனத்தின் நிரல் அது. இலவச மென்பொருள் எழுதியவர்களுக்கு ஆரியேட் பணம் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் தங்கள் மென்பொருளோடு ஆரியேட்டின் கோப்புகளையும் சேர்த்து அனுப்பினார்கள். இலவச மென்பொருளை நீக்கினாலும் அந்தக் கோப்புகள் போகவில்லை. பின்னணியில் இணையத்தோடு பேசிக்கொண்டே இருந்தன. கிப்சன் அவற்றை நீக்க ஆப்ட்அவுட் என்ற சிறு கருவியை எழுதி வெளியிட்டார். இந்த வகையில் வந்த முதல் கருவிகளில் அது ஒன்று. அதை அவர் நெடுநாள் தொடரவில்லை. ஜெர்மனியில் தொடங்கிப் பின்னர் சுவீடனுக்குப் போன லாவாசாஃப்ட் நிறுவனத்தின் ஆட்-அவேர் அந்த வேலையை நன்றாகச் செய்கிறது என்று சொல்லிப் பயனர்களை அங்கே அனுப்பிவிட்டார்.

இதற்குப் பின்னால் இருந்த பொருளாதாரம் எளிமையானது. இணையத்தில் சிறு தொகைகளைச் செலுத்தும் வசதி அன்று இல்லை. மென்பொருளை இலவசமாகத் தந்தால்தான் ஆட்கள் வருவார்கள்; வந்தவர்களைக் காசாக்க விளம்பரம் ஒன்றே வழி. விளம்பரத்துக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமானால் பார்ப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். கோப்புப் பகிர்வுக்குப் பெயர்போன கசா, திரையில் குதித்துப் பேசும் ஊதா நிறக் குரங்கான போன்சி படி, வானிலை சொல்லும் பட்டைகள், திரைக்காப்புப் படங்கள் என்று வேடிக்கையாகத் தோன்றிய பலவும் இந்தக் கணக்கில் ஓடியவைதான். கசாவோடு வந்த சைடோர் என்ற விளம்பர நிரலை நீக்கினால் கசாவே இயங்க மறுத்தது. அதனால் அதே பெயரில் வெறுமையான போலிக் கோப்பு ஒன்றைச் செய்து அந்த இடத்தில் வைக்கும் தந்திரத்தைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள்.

‘சம்மதிக்கிறேன்’ என்ற பொத்தான்

ஆண்டிவைரஸ் நிறுவனங்கள் ஏன் இவற்றைப் பிடிக்கவில்லை? அறிவு போதாமல் அல்ல. வைரஸ் எழுதியவர் முகம் காட்டாத குற்றவாளி. அவர் வழக்குப் போட மாட்டார். விளம்பர மென்பொருள் எழுதியவர்களோ அலுவலகமும் முதலீட்டாளர்களும் வழக்கறிஞர்களும் உள்ள நிறுவனத்தார். ‘பயனர் உரிம ஒப்பந்தத்தைப் படித்துச் சம்மதித்தார், பிறகே நிறுவப்பட்டது’ என்று அவர்கள் சொன்னார்கள். அந்தச் சம்மதம் இருக்கும்வரை அவர்கள் நிரலைத் தீயது என்று பெயரிடப் பெரிய ஆண்டிவைரஸ் நிறுவனங்கள் தயங்கின. அந்த இடைவெளியில்தான் தனி உளவுத்தடுப்புக் கருவிகள் பிறந்தன.

இதைப் புரிந்துகொள்ளக் கேட்டர் நிறுவனத்தின் கதை போதும். கடவுச்சொற்களையும் முகவரியையும் நினைவில் வைத்துப் படிவங்களை நிரப்பித் தரும் கருவி ஒன்றை அது இலவசமாகக் கொடுத்தது. உண்மையில் பயனுள்ள கருவிதான். ஆனால் அதோடு, பயனர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்று கவனித்து அந்தத் தளத்தின் மேலேயே வேறொருவரின் விளம்பரத்தை விரிக்கும் நிரலும் சேர்ந்து வந்தது. 2002இல் வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ், டவ் ஜோன்ஸ் உள்ளிட்ட பதிப்பாளர்கள் கேட்டர்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2003 பிப்ரவரியில் அது சமரசமாக முடிந்தது. பதிப்பாளர்களின் குறை, வாசகர் வேவுபார்க்கப்படுகிறார் என்பதல்ல. தங்கள் பக்கத்தின் மேல் பிறர் கடை விரிக்கிறார்கள் என்பதே.

அடுத்து கேட்டர் தானே வழக்காளியானது. பிசி பிட்ஸ்டாப் என்ற சிறிய கணினிப் பராமரிப்புத் தளம் கேட்டரை ஸ்பைவேர் என்று எழுதியிருந்தது. 2003இல் அவதூறு வழக்கு வந்தது. சமரசத்தின் பேரில் அந்தப் பக்கங்கள் நீக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் கேட்டர் தன் பெயரைக் கிளாரியா என்று மாற்றிக்கொண்டது.

பிசி பிட்ஸ்டாப் அதோடு விடவில்லை. தன் சொந்த மென்பொருள் ஒன்றின் உரிம ஒப்பந்தத்துக்குள், இந்த முகவரிக்கு எழுதினால் பரிசு உண்டு என்று ஒரு வரியை ஒளித்து வைத்தது. நான்கு மாதங்கள் ஓடின. 3,000க்கும் மேற்பட்டவர்கள் அதைத் தரவிறக்கி, ஒப்பந்தத்துக்குச் சம்மதமும் தெரிவித்த பிறகே ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டாலர் கிடைத்தது. சம்மதம் என்று நிறுவனங்கள் நீதிமன்றத்தில் காட்டிய ஆவணத்தின் உண்மை மதிப்பை இதைவிட மலிவாக யாரும் அளந்ததில்லை.

வழக்குகள் பின்னும் தொடர்ந்தன. 2005இல் சிமேன்டெக் போன்ற பெரிய நிறுவனமே, ஹாட்பார் என்ற கருவிப்பட்டையை விளம்பர மென்பொருள் என்று அழைக்கத் தனக்கு உரிமை உண்டென்று அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஜாங்கோ என்ற விளம்பர மென்பொருள் நிறுவனம் தன்னைத் தடுத்த காஸ்பர்ஸ்கைமீது வழக்குப் போட்டது. தீங்கானது என்று தான் கருதுவதைத் தடுக்கும் மென்பொருள் நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 ஜூனில் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு நிறுவனங்கள் துணிந்து பெயரிட அது வழிவிட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பே ஜாங்கோ கடையைக் கட்டியிருந்தது.

கருவிகளின் காலம்

2004 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் உளவு மென்பொருள் பற்றி ஒரு பயிலரங்கு நடத்தியது. தங்கள் உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளில் பத்தில் ஒன்றுக்கும் மேல் இதைப் பற்றியவை என்று டெல் நிறுவனத்தார் அதில் சொன்னார்கள். தங்களுக்கு வந்துசேரும் நிரல் முறிவு அறிக்கைகளில் ஏறத்தாழப் பாதிக்கு உளவு மென்பொருளும் ஒரு காரணம் என்றார்கள் மைக்ரோசாஃப்ட்காரர்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஏஓஎல் நிறுவனமும் தேசிய இணையப் பாதுகாப்புக் கூட்டணியும் அமெரிக்க வீடுகளில் எடுத்த ஆய்வில் 80 விழுக்காடு கணினிகளில் உளவு அல்லது விளம்பர மென்பொருள் இருந்தது. பாதிக்கப்பட்ட கணினி ஒன்றில் சராசரியாக 93 கூறுகள். இந்த 93 என்ற எண்ணை மட்டும் சற்று நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைய வருடல்கள் ஒரே நிரலின் ஒவ்வொரு கோப்பையும், ரெஜிஸ்ட்ரியில் உள்ள ஒவ்வொரு பதிவையும், சில சமயம் விளம்பரக் குக்கிகளையும் தனித்தனியாக எண்ணும். எண் பெரிதாக இருந்தால் பயம் பெரிதாகும், கருவியும் நன்றாக விற்கும்.

ஆனாலும் தொல்லை உண்மையானது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 உலாவியில் ஆக்டிவ்எக்ஸ் என்ற வசதி இருந்தது. ஒரு தளம் கேட்டு, பயனர் ‘ஆம்’ என்று அழுத்தினால் போதும், எந்த நிரலும் கணினிக்குள் இறங்கிவிடும். ‘ஆம்’ சொல்லும்வரை கேள்விப் பெட்டியை மீண்டும் மீண்டும் காட்டிய தளங்கள் உண்டு. கூல்வெப்சர்ச் என்ற குடும்பத்தைச் சேர்ந்த நிரல்கள் உலாவியின் முகப்புப் பக்கத்தைத் திருடிக்கொண்டு, எத்தனை முறை மாற்றினாலும் திரும்பி வந்தன. நியூ.நெட் என்ற இன்னொன்று விண்டோஸின் இணைய அடுக்குக்குள்ளேயே தன்னைச் செருகிக்கொண்டது. அவசரப்பட்டு அதன் கோப்பை அழித்தவர்களுக்கு இணைய இணைப்பே போயிற்று.

இவற்றுக்கு எதிராக நின்றவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். ஸ்பைபாட் கருவியை எழுதியவர் பேட்ரிக் கோலா என்ற ஜெர்மானியர். கூல்வெப்சர்ச்சை அகற்றும் கருவியையும் ஹைஜாக்திஸ் என்ற ஆய்வுக் கருவியையும் எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர். ஹைஜாக்திஸ் எதையும் நல்லது கெட்டது என்று சொல்லாது. கணினி தொடங்கும்போது எவையெல்லாம் தாமாக ஓடுகின்றன என்று நீண்ட பட்டியல் ஒன்றைத் தரும். அதை வாசிக்கத் தெரிந்த தன்னார்வலர்கள் முகம் தெரியாதவர்களின் கணினிகளை இரவு பகலாக இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். கணினி வரலாற்றில் அவர்களைப் பற்றி இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 2002இல் ரேட்லைட் என்ற ஒளிப்படக்காட்சி இயக்கியின் ஒரு பதிப்பு, கணினியில் ஆட்-அவேர் இருந்தால் பயனருக்குச் சொல்லாமலே அதை நீக்கியது. 2003இல் உளவுத்தடுப்பு நிறுவனங்கள் சில சேர்ந்து கோஸ்ட் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. பின்னர் ஜாங்கோ என்று பெயர் மாறிய 180சொல்யூஷன்ஸ் அதில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டதும் முக்கிய உறுப்பினர்கள் விலக, 2005இல் கூட்டமைப்பே கலைந்தது.

காவலன் வேடத்தில் கள்வர்

பயம் விற்பனையாகும் இடத்தில் போலிகள் வராமல் இருப்பார்களா? ‘உங்கள் கணினியில் உளவு மென்பொருள் உள்ளது, இலவசமாக வருடிப் பாருங்கள்’ என்று விளம்பரம் வரும். வருடினால், சுத்தமான கணினியிலும் டஜன் கணக்கில் எதையாவது காட்டும். நீக்க வேண்டுமானால் 30, 40 டாலர் கட்ட வேண்டும். ஸ்பைவேர் அசாசின் என்ற கருவியை விற்றவர்கள்மீது 2005 மார்ச்சில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. ஸ்பைவேர் கிளீனர் என்பதை விற்ற நிறுவனம்மீது வாஷிங்டன் மாநிலம் 2006இல் வழக்குப் போட்டு, 10 லட்சம் டாலர் சமரசத் தொகை வாங்கியது.

இவர்களில் பெரியவர்கள் உக்ரைன் தலைநகர் கீவில் அலுவலகம் வைத்திருந்த இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் கூட்டத்தார். வின்ஃபிக்சர் உள்ளிட்ட பல பெயர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோரை ஏமாற்றினார்கள் என்பது 2008 டிசம்பரில் ஆணையம் வைத்த குற்றச்சாட்டு. 2012இல் அந்த வழக்கில் 16.3 கோடி டாலருக்குத் தீர்ப்பானது. ஆக, உளவுத்தடுப்பு மென்பொருள் நிறுவுவது நல்லதா என்று கேட்ட ஒருவருக்கு அன்றே இரண்டு பதில்கள் இருந்தன: சரியான கருவி என்றால் நல்லது, தவறான கருவி என்றால் அதுதான் நோய். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கோ கருவியின் தேவை குறைவாகவே இருந்தது.

மைக்ரோசாஃப்ட் இறங்கியபோது

2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பு, பாப்-அப் தடுப்பையும் ஆக்டிவ்எக்ஸ் கேள்விகளை ஒரு மெல்லிய பட்டைக்குள் அடக்கும் வசதியையும் கொண்டுவந்தது. நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வெளியானது. இந்த இரண்டும் சேர்ந்து, எல்லா உளவுத்தடுப்புக் கருவிகளையும்விட அதிகமாக வீட்டுக் கணினிகளைக் காத்தன என்று நான் கருதுகிறேன். நோயைத் தேடி அகற்றுவதைவிட அது நுழைந்த வாசலைக் குறுக்கியதில்தான் பலன் இருந்தது.

அந்த டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, அதன் கருவியை 2005 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆண்டிஸ்பைவேர் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டது. இன்றைய டிஃபெண்டரின் பிறப்பு இதுதான். பிறந்த ஆண்டிலேயே ஒரு சந்தேகம் அதைச் சூழ்ந்தது. மைக்ரோசாஃப்ட், கிளாரியாவை வாங்கப் பேசுவதாகச் செய்தி வந்தது. அதே கோடையில், கிளாரியாவின் நிரல்களைக் கண்டால் ‘தனிமைப்படுத்து’ என்று பரிந்துரைத்துவந்த கருவி, ‘கண்டுகொள்ளாதே’ என்று பரிந்துரைக்கத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறோம் என்றது மைக்ரோசாஃப்ட். கிளாரியாவை அது வாங்கவில்லை. 2006இல் கிளாரியா அந்தத் தொழிலையே விட்டு விலகியது. இருந்தாலும், எது உளவு என்று முடிவு செய்பவருக்கு வேறு வியாபாரமும் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

டிஃபெண்டர் என்ற பெயரோடு 2006 அக்டோபரில் முழுமையாக வெளிவந்தபோது அதை நிறுவ, விண்டோஸ் அசல் பிரதிதானா என்ற சோதனையில் தேற வேண்டும். கள்ளப் பிரதிகள் ஓடிய நம் ஊர் பிரௌசிங் சென்டர்களுக்கும் பல வீடுகளுக்கும் அதன் பொருள், டிஃபெண்டர் கிடையாது என்பதுதான். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் தானியங்கி மேம்படுத்தலையும் நிறுத்தி வைத்தவர்கள் பலர். ஸ்பைபாட் போன்ற இலவசக் கருவிகள் அங்கெல்லாம் நீடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த அசல் சோதனை நிரலே நாள்தோறும் மைக்ரோசாஃப்ட்டோடு தொடர்புகொள்கிறது என்பது 2006இல் தெரியவந்து, அதையே ஸ்பைவேர் என்று சொல்லி அமெரிக்காவில் வழக்குப் போடப்பட்டது தனிக்கதை.

2009இல் மைக்ரோசாஃப்ட் இலவச ஆண்டிவைரஸ் கொடுத்தது. 2012இல் விண்டோஸ் 8 உடன் அதுவும் டிஃபெண்டரும் ஒன்றாகி, இயங்குதளத்தின் பகுதியாயின. தொடக்கத்தில் அதன் தரம் சுமார்தான். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் பட்டியல்களில் சில ஆண்டுகள் அது கடைசி இடங்களில் கிடந்தது. 2019இல் அதே ஆய்வகத்தில் முழு மதிப்பெண் வாங்கியது. இதற்குள் மற்ற ஆண்டிவைரஸ் நிறுவனங்களும் உளவு மென்பொருளைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. தனிப் பொருளாக உளவுத்தடுப்பு மென்பொருள் மறைந்தது இப்படித்தான்.

காவலே உளவானபோது

2014 செப்டம்பர் முதல் லெனோவா தன் மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலை முன்கூட்டியே நிறுவி விற்றது. வங்கித் தளங்களில் பூட்டுச் சின்னத்தோடு வரும் மறையாக்கப்பட்ட இணைப்புக்குள்ளும் அது புகுந்து படித்தது. அதற்காகத் தன் சொந்தச் சான்றிதழை விண்டோஸில் பதித்திருந்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார். அந்தத் தொழில்நுட்பத்தை விற்ற கொமோடியா என்ற நிறுவனத்தின் பெயர்தான் கடவுச்சொல். அதாவது, ஒரே வைஃபையில் இருக்கும் யாரும் அந்தக் கணினிக்கு வங்கியாக வேடமிட்டிருக்க முடியும்.

இந்தச் செய்தி வந்த சில நாள்களில் இன்னொன்றும் தெரிந்தது. அதே கொமோடியா தொழில்நுட்பம் ஆட்-அவேரோடு வந்த வெப் கம்பேனியன் என்ற துணைக்கருவியிலும் இருந்தது. கிப்சன் 2000இல் நம்பி ஆட்களை அனுப்பிவைத்த அதே ஆட்-அவேர்தான். 2011இல் லாவாசாஃப்ட் கை மாறியிருந்தது. பிற்காலத்தில் அந்த வெப் கம்பேனியன் வேறு இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றக் கேட்கும் நிரலானது. பழைய ஆட்-அவேர் வேட்டையாடிய ஜாதி அது.

இதைவிடப் பெரியது செக் குடியரசின் அவாஸ்ட் கதை. கோடிக்கணக்கான வீடுகளில் இலவச ஆண்டிவைரஸாக இருந்த நிறுவனம். தீய தளங்களைத் தடுக்க வேண்டுமானால் பயனர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று பார்க்கத்தான் வேண்டும். பார்த்ததை அது ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றுவந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் இதை வெளிக்கொணர்ந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் அபராதம் கேட்டதோடு, உலாவல் விவரங்களை விளம்பரத்துக்கு விற்கவும் தடை கோரியது.

எந்தப் பாதுகாப்பு மென்பொருளும் தன் வேலையைச் செய்ய, கணினியில் உள்ள எல்லாவற்றையும் பார்க்கும் உரிமை வேண்டும். உளவு மென்பொருள் கேட்பதும் அந்த உரிமையைத்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, நிறுவனத்தின் நடத்தையில் மட்டுமே இருக்கிறது. நிறுவனம் கை மாறினால் அந்த நடத்தையும் மாறலாம்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் வேவு

உளவு என்றால் தூரத்து நிறுவனம் என்றே நினைக்கிறோம். வீட்டுக் கணினியில் கணவனோ மனைவியோ நிறுவும் கண்காணிப்பு நிரல்கள் 2000க்கு முன்பிருந்தே விற்பனையில் இருக்கின்றன. புளோரிடாவில் ஒரு மனைவி கணவரின் கணினியில் ஸ்பெக்டர் என்ற நிரலை நிறுவி, அவர் இணையத்தில் டோமினோ விளையாடிக்கொண்டே வேறொரு பெண்ணோடு நடத்திய உரையாடல்களைப் பதிவு செய்தார். அது சட்டவிரோத ஒட்டுக்கேட்பு, விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2005இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இவ்வகை நிரல்களைப் பாதுகாப்பு நிறுவனங்கள் நெடுங்காலம் ‘வைரஸ் அல்ல’ என்ற மென்மையான குறிப்போடு விட்டுவைத்தன. வாங்கியவர் தம் சம்மதத்தோடுதானே நிறுவினார் என்ற அதே வாதம். 2019இல்தான் அந்த நிலை மாறி, இவற்றுக்கு எதிராக ஒரு சர்வதேசக் கூட்டணியும் உருவானது. ஆனால் கணினியின் நிர்வாகி கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் எந்தத் தடுப்புக் கருவியிலும் விதிவிலக்குச் சேர்த்துவிட முடியும். அந்த நிலையில் இருப்பவருக்குக் கூடுதல் மென்பொருள் உதவாது. வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுவதும், தமக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வதும்தான் உதவும். துன்புறுத்தல் இருக்கும் வீடானால், நிரலை நீக்குவதற்கு முன் உதவி அமைப்பு ஒன்றிடம் பேசுவது நல்லது; நீக்கப்பட்டது எதிராளிக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்றைய கணக்கு

மேம்படுத்தல்கள் ஒழுங்காக வரும் விண்டோஸ் 11 கணினி என்றால் டிஃபெண்டர் போதும். தனி உளவுத்தடுப்பு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. வேறொரு ஆண்டிவைரஸை நிறுவினால் டிஃபெண்டரின் நேரடிக் காவல் தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்பதைப் பலர் அறிவதில்லை. அதாவது, பணம் கொடுத்து வாங்குபவர் இரண்டாவது காவலாளியைச் சேர்க்கவில்லை, இருந்தவரை மாற்றுகிறார். அதற்குப் பதில், ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்’ என்ற பகுதிக்குப் போய், வேண்டத்தகாத செயலிகளைத் தடுக்கும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பழைய ஆட்-அவேர் செய்த வேலை இப்போது அங்கேதான் நடக்கிறது. உலாவியில் உள்ள நீட்சிகளைப் பார்த்துத் தேவையில்லாதவற்றை நீக்குவதும் முக்கியம். இன்றைய உளவு நீட்சிகள் வழியாகவும் நடக்கிறது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஓட்டைகள் அடைக்கப்படாத இயங்குதளத்தின் மேல் எந்தக் கருவியை வைத்தாலும் அது அரைக் காவல்தான். கணினி விசித்திரமாக நடந்துகொள்கிறது என்ற சந்தேகம் வந்தால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போன்ற ஒன்றை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஒருமுறை வருடிவிட்டு நீக்கிவிடலாம். டிஃபெண்டரிலேயே, கணினியை மறுதொடக்கம் செய்து விண்டோஸ் எழும் முன் வருடும் ‘ஆஃப்லைன்’ சோதனையும் இருக்கிறது.

விளம்பரத்துக்காக வேவு பார்த்த பழைய கூட்டம் குறைந்த இடத்தில் இப்போது தகவல் திருடும் நிரல்கள் வந்திருக்கின்றன. 2024 அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறை முன்னின்று முடக்கிய ரெட்லைன் அவற்றில் ஒன்று. லுமா என்ற இன்னொன்று 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரையான இரண்டே மாதங்களில் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளைத் தாக்கியதாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. இவை தங்கியிருந்து வேவு பார்ப்பதில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் உள்நுழைவுக் குக்கிகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். சில பின்னர் தம்மையே அழித்துக்கொள்ளும். அந்தக் குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலே கணக்குக்குள் நுழையலாம். மறுநாள் வருடிப் பார்க்கும் கருவிக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இராது.

இவை வீட்டுக்குள் வரும் வழிகளில் முக்கியமானது, பூட்டு உடைத்த மென்பொருள். விலை கொடுத்து வாங்க வேண்டிய ஃபோட்டோஷாப்பையோ விளையாட்டையோ இலவசமாகத் தேடி இறக்குகிறோம். கூடவே வரும் குறிப்பில், நிறுவுவதற்கு முன் டிஃபெண்டரை அணைத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கும். வீட்டுப் பிள்ளைகள் அதையும் செய்துவிடுகிறார்கள். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் வருடுவதோடு நிறுத்தக் கூடாது. வேறொரு சுத்தமான கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்த வேண்டும்; திருடப்பட்ட குக்கிகள் செல்லாமல் போக அதுவே வழி. அதன் பிறகு கணினியில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம்.